பட்டியலுக்குப் பதிலாக

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள ராசா,

நீ கேட்ட பட்டியலை நான் அனுப்பப் போவதில்லை. கோபிக்காதே. "அம்மா, லொறியில் போகும்போது கேட்க நல்லதாக நாலு பாட்டு எழுதி அனுப்புங்கோ, இந்தப் போன் தானாகப் போடுறதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்று நீ சொன்னதும் கொப்பியை எடுத்து எழுதத்தான் தொடங்கினேன். பாதிப் பக்கம் போனதும் பேனையை வைத்துவிட்டேன். பட்டியல் ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக் போய்ச் சேருமுன் தீர்ந்துவிடும், பிறகு மறுபடியும் என்னிடம்தான் வருவாய். ஆகவே நான் எப்படித் தேடுகிறேன் என்பதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். ஓட்டிக்கொண்டு வாசிக்காதே, எங்காவது நிறுத்திவிட்டு வாசி.

மாமாவின் றெக்கோடிங் பாரில் நான் கசெற் உறைகளுக்குப் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த கதை உனக்குத் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பட்டியலோடு வருவார்கள். அறுபது நிமிடக் கசெற்றா தொண்ணூறா என்று கேட்டு வாங்கி வைத்தால் அலுவல் முடிந்தது. மற்றப் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து, "நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கோ" என்பார்கள். அவர்களை மாமா இலேசில் விடமாட்டார். ஆருக்கு, வீட்டில் கேட்கவா பஸ்ஸில் போடவா, சத்தமாகவா மெதுவாகவா, சுசீலாவா ஜானகியா என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் பதிவு செய்யத் தொடங்குவார். கேட்காத ஒரு பாட்டையும் இரண்டாம் பக்கத்துக் கடைசியில் செருகிவிடுவார். அந்தப் பாட்டுக்காகவே திரும்பி வந்த ஆட்கள் உண்டு.

உன் தொலைபேசி தானாகப் போடுவதும் "நீங்களே போடுங்கோ" வியாபாரம்தான். ஆனால் அது ஒன்றும் கேட்பதில்லை. நேற்று நீ எதைத் தாண்டாமல் கேட்டாயோ அதன் தங்கச்சியை இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தும், நாளைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியை. அங்கே ஆள் வைத்த பாட்டுத்தானா என்பதும் இப்போது நிச்சயமில்லை. இணையத்தில் பாட்டு ஓடவிடுகிற டீசர் என்ற பிரெஞ்சுக் கொம்பனி 2025 ஏப்ரலில் சொன்ன கணக்குப்படி, நாளொன்றுக்குத் தங்களிடம் வந்து சேரும் பாட்டுகளில் நூற்றுக்கு 18, அதாவது 20,000க்கு மேல், முழுக்க இயந்திரம் செய்தவை. மறுபக்கம் அதே வேலை செய்கிற ஸ்பொட்டிஃபை, ஒரு பாட்டு முந்தின 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாவிட்டால் அதற்கு ஒரு சதமும் இல்லை என்று 2024இல் சட்டம் போட்டுவிட்டது. இருநூறு பேர் மட்டும் கேட்கிற ஆள் அங்கே இருந்து என்ன செய்வான்? அவன் வேறெங்கோ ஒரு சின்னக் கடையில் தன் அல்பத்தை ஏழு டொலருக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் போவது அங்கேதான்.

பாண்ட்காம்ப் நீ கேள்விப்பட்டிருப்பாய், இசைக்காரர் தங்கள் அல்பத்தைத் தாமே விற்கிற இணையக் கடை. அங்கேயே தொடங்கு, ஆனால் முன்பக்கத்தைப் பார்க்காதே. நான் செய்வது இது. எனக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு அல்பத்துக்குப் போவேன். படத்துக்குக் கீழே அதை வாங்கியவர்களின் சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக இருக்கும், சிலர் ஒரு வரியும் எழுதியிருப்பார்கள். புகழ்ந்து தள்ளியவரை விட்டுவிடு. "மூன்றாவது பாட்டில் தவில் உள்ளே வரும் இடம்" என்கிற மாதிரி, இடம் குறித்து எழுதிய ஆளைப் பிடி. அவர் முகத்தை அழுத்தினால் அவர் காசு கொடுத்து வாங்கிய எல்லாம் தெரியும். காசு கொடுத்து வாங்கினது என்பதைக் கவனி. சும்மா ஓடவிட்டதல்ல.

அப்படித்தான் நான் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தேன். மிருதங்கமும் லப்டொப்பும் சேர்ந்த ஒரு அல்பத்தை வாங்கிய ஒருவரின் அலுமாரியில், ஹார்டாங்கர் பிடில் என்று ஒன்று கிடந்தது. பார்வைக்கு நம் வயலின் மாதிரித்தான், ஆனால் மேலே இருக்கும் நாலு தந்திக்கு அடியில் இன்னும் நாலோ ஐந்தோ தந்தி ஓடுகிறது. வில் அவற்றைத் தொடாது. மேலே வாசிக்க வாசிக்க அவை அடியில் கிடந்து தாமாக அதிரும். ஸ்பீக்கரில் கேட்டபோது பக்கத்து அறையில் ஆரோ தம்புரா மீட்டுவது போல இருந்து, எழும்பிப் போய்ப் பார்த்தேன், நம்பு. பிறகு அந்த அல்பத்தை வெளியிட்ட லேபிள், அதாவது வெளியீட்டுக் கொம்பனி, எது என்று பார்த்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து ஒஸ்லோவின் ஹூப்ரோ என்ற லேபிள் வரைக்கும் போனேன். ஒஸ்லோவில் எங்கள் சனம் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

லேபிளைப் பிடிப்பதுதான் இதில் முக்கியம். வகையை வைத்துத் தேடினால் குப்பை அள்ள வேண்டிவரும். "ஜாஸ்", "நாட்டார் இசை", "அம்பியன்ட்" என்ற பெயர்களுக்குள் எதையும் போட்டு வைக்கலாம். ஆளை வைத்துத் தேடு. ஒரு பாட்டில் டிரம் பிடித்திருந்தால் அடித்தவர் பெயரைப் பார், அவர் வேறு ஆரோடு அடித்திருக்கிறார் என்று பார். ஒலிப்பதிவு செய்தவர் பெயரையும் பார். இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லித்தான் தட்டைச் சுழல விடுவார்கள், நாங்கள் சமையலறையில் நின்றே பாடமாக்கினோம். இப்போது அந்த விவரம் அல்பத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கிறது. ஆள் பெயர் ஒன்றுமே இல்லாமல், வருடத்துக்கு முப்பது நாற்பது அல்பம் விடுகிற பக்கத்தைக் கண்டால் பேசாமல் வெளியே வா.

கேட்கும்போது முதல் பாட்டில் தொடங்காதே. முதல் பாட்டு கடை வாசலில் தொங்கவிட்ட சேலை, எல்லோரும் நல்லதைத்தான் தொங்கவிடுவார்கள். நாலாவதைக் கேள், பிறகு ஆக நீளமானதைக் கேள். அது இரண்டும் தாங்கினால் வாங்கலாம். பாண்ட்காம்ப்பில் முழுதாகவே கேட்கலாம், சில தடவைக்குப் பிறகுதான் "இனி வாங்கினால் என்ன" என்று மரியாதையாகக் கேட்கும். கொடுக்கிற காசில் அவர்கள் எடுப்பது நூற்றுக்கு 15, ஒருவரின் விற்பனை வருடத்தில் 5,000 டொலரைத் தாண்டினால் 10. 2020 மார்ச்சில் கொரோனாவோடு தொடங்கின ஒரு வழக்கப்படி, சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் எடுப்பதில்லை. சிலவேளை மாதத்தின் முதல் வெள்ளிக்கு அறிவிப்பார்கள், அந்த நாள் வரைக்கும் பொறுத்து வாங்குவது நல்லது.

ஆனால் ஒரே கடையில் பழியாகக் கிடக்காதே. பாண்ட்காம்ப்பையே 2022இல் ஒரு வீடியோ விளையாட்டுக் கொம்பனி வாங்கி, அடுத்த வருடமே இன்னொருவருக்கு விற்று, வேலைக்காரரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

மற்றக் கடைகளில் எனக்கு ஆகப் பிடித்த கதை மக்னட்யூன். கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஜோன் பக்மன் என்பவர் 2003இல் தொடங்கினது. அப்போது விலையை வாங்குகிறவரே தீர்மானிக்கலாம் என்று இருந்தது, 5 டொலரிலிருந்து 18 வரைக்கும், அதில் பாதி இசைக்காரருக்கு. வாங்கினதை மூன்று நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் அனுமதி இருந்தது. மாமா கேட்டிருந்தால் கும்பிட்டிருப்பார். அங்கே லூட், ஹார்ப்சிகோர்ட் என்ற பழைய தந்தி வாத்தியங்களில் ஐரோப்பாவின் பழைய இசை கனக்க உண்டு. இரவு ஓட்டத்துக்கு நல்லது.

மான்செஸ்டரில் பூம்காட், லண்டனில் வார்ப் லேபிள்காரர் 2004இல் தொடங்கின பிளீப் இரண்டும் மின்னணு இசைக்காரரின் கடைகள். பூம்காட்டில் ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரே விளக்கம் எழுதுவார்கள். எழுத்து கொஞ்சம் கூடிப்போய்த்தான் இருக்கும், பாதியைத்தான் நம்பு. ஆனால் ஒரு மனிதர் இருந்து கேட்டுவிட்டு எழுதினது என்பது தெரியும், அது போதும். ஜமெண்டோ சும்மா கிடைக்கும், 2005இல் லக்சம்பேர்க்கில் தொடங்கினது, இசைக்காரரே பகிர அனுமதி கொடுத்துப் போடுவது. பதர் அதிகம். பொறுமை இருந்தால் மட்டும் போ. ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ் அதைவிடப் பரவாயில்லை, 2009இல் நியூ ஜெர்சியின் ஒரு வானொலிக்காரர் தொடங்கியபோது ஆட்களே தெரிந்து போட்டார்கள், அந்தப் பழைய பகுதியைத் துழாவு. மிர்லோ என்று இப்போது ஒன்று வந்திருக்கிறது, வேலை செய்கிறவர்களே சொந்தக்காரராக இருக்கும் கூட்டுறவுக் கடை. இன்னும் சரக்குக் குறைவு.

கர்நாடக இசை வேண்டும் என்றால் சென்னையின் சார்சுர் லேபிளைப் பார். கச்சேரியில் வைத்தே பிடித்த பதிவுகள் இருக்கும், ஸ்டூடியோவில் செய்த பளபளப்பு இல்லை. பாடகர் தொண்டையைச் செருமுவதும், முன்வரிசையில் ஆரோ தாளம் போட்டுத் தொடையில் தட்டுவதும் கேட்கும். எனக்கு அது வேண்டும். உன் அப்பாவுக்கு அது எரிச்சல், இதில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை.

சரி, வாங்கினால் என்ன செய்வது. அன்றைக்கே இறக்கு. பிறகு இறக்கலாம் என்று வைக்காதே, கடை மூடுவது வெகு சாதாரணம். ஏமி ஸ்ட்ரீட் என்று ஒரு கடை இருந்தது, ஒரு பாட்டு முதலில் இலவசம், ஆட்கள் வாங்க வாங்க விலை ஏறி 98 சதத்தில் நிற்கும். நல்ல மூளை. 2010இல் அமேசன் வாங்கினதோடு கதை முடிந்தது. தனி இசைக்காரருக்கு 1998இலிருந்து கடை வைத்திருந்த சிடி பேபியும் 2020இல் கடையை இழுத்து மூடியது. கடை போனாலும் உன் கையில் கோப்பு இருந்தால் பயமில்லை. ஃபிளாக் என்ற, ஒலி ஒன்றும் குறையாத கோப்பு வடிவத்தில் இறக்கு. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்யலாம், எம்பி3இலிருந்து திரும்பிப் போக முடியாது. லொறியின் இரைச்சலில் உனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது, ஆகவே பென் ட்ரைவில் எம்பி3ஐயே போடு, சில வாகன ஸ்டீரியோ ஃபிளாக்கைப் படிக்காது. ஃபிளாக் வீட்டில் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். 24 பிட், இன்னும் நுணுக்கமான ஒலி என்று கூடின விலைக்கு விற்றால் வாங்காதே, அந்தக் காசுக்கு இன்னொரு அல்பம் வாங்கு.

அடுத்தது காசு. இங்கே எனக்கு ஏழு டொலர் அல்பம் என்பது 2,100 ரூபாய் போல. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதம் 360ஐத் தொட்டதே, அப்போதிலிருந்து நான் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வாங்குவதில்லை. குறை சொல்லவில்லை. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் அதை வடிவாகக் கேட்கிறேன். உனக்கு அந்த முடை இல்லை, ஆனாலும் ஒன்றொன்றாகவே வாங்கு. பத்தை ஒரேயடியாக இறக்கி வைத்தால் பத்தையும் கேட்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

வாங்குவதாவது பரவாயில்லை, விற்பதுதான் இங்கே பெரிய கரைச்சல். கொழும்பிலும் சரக்கு இல்லாமல் இல்லை. ஜம்புடெக் என்ற மின்னணு லேபிளைக் கேள். பலிபொனிக்ஸ் என்ற குழுவைக் கேள், தென்பகுதிச் சிங்களவரின் பலிச் சடங்குப் பாட்டையும் மேளத்தையும் டபுள் பேஸோடும் டிரம்ஸோடும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பாண்ட்காம்ப் இசைக்காரருக்குக் காசு கொடுப்பது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக, இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாம், வருகிற காசைப் பெற முடியாது என்றுதான் பல வருடமாக இருந்துவருகிறது. ஆகவே இங்கே இருந்து பாட்டு விற்கிற பிள்ளைகளில் பலருக்கு வெளிநாட்டில் ஒரு அக்காவோ சித்தப்பாவோ வேண்டும். எங்கள் ஒழுங்கையில் கீழ்மாடிப் பொடியன், நீ போகும்போது மிருதங்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன், மேலே சொன்ன மிருதங்கமும் லப்டொப்பும் அவனுடையதுதான். இப்போது லண்டனில் இருக்கும் தமக்கையின் கணக்கில்தான் விற்கிறான். காசு அங்கே சேர்ந்து, ஆராவது வரும்போது கையில் வருகிறது. தமக்கைக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறது, அந்தக் கணக்கு எத்தனை நாளைக்கு என்று பொடியன் யோசிக்கிறான்.

அவனிடம் நான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். கனடாவில் அந்தக் காசுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டுமா, உன் பெயரில் கணக்குத் திறப்பதில் ஏதும் சிக்கல் வருமா என்று முதலில் விசாரி. சரிவராது என்றால் சரிவராது என்று எழுது, அவன் ஒன்றும் நினைக்கமாட்டான். சரிவரும் என்றால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்போது அவனை மேலே கூப்பிட்டு வைக்கிறேன், நேரே கதையுங்கோ.

அவனுடைய இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் நாலாவதைக் கேள்.

அன்புடன்,
அம்மா