தூர விலகுவது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் ரியூசன் கொப்பிகளில் ஆங்கில மரபுத்தொடர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, பொருளும் இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. என் மகளின் கொப்பியில் ‘கிவ் எ வைட் பேர்த்’ (give a wide berth) என்பதற்கு ‘கண்டுகொள்ளாமல் இருத்தல்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது பிழை. ஆபத்தையோ வம்பையோ நன்றாகக் கண்டுகொண்டு, வேண்டுமென்றே தூரம் விட்டுப் போவதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது.

அது மாலுமிகளின் பேச்சு. பேர்த் என்றதும் ரயிலில் படுக்கும் இடம்தான் நமக்கு ஞாபகம் வரும், கடலிலோ அது ஒரு கப்பலைச் சுற்றி மற்றவர்கள் விடவேண்டிய நீர்வெளி. நங்கூரம் போட்ட கப்பல் அசையாமல் நிற்பதில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மேற்கே முகம் காட்டி நிற்கிற கப்பல், காற்று மாறிக் கிழக்கே கடல் பக்கமிருந்து வந்தால் நங்கூரத்தைச் சுற்றிவந்து கிழக்கே முகம் காட்டும், சங்கிலி எவ்வளவு விட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வட்டமும் பெரிது. அதற்குள் போனால் இடிதான். நம் உட்துறைமுகத்தில் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, அவர்களின் பிள்ளைகளுக்கு ஏன் கப்பலைக் காட்டாமல் மனப்பாடம் செய்ய விடுகிறோம்?

கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் வீதியில் யானை நின்றால் வாகனத்தைத் தள்ளி நிறுத்துகிறோமே, அந்த இடத்தில் இந்தத் தொடர் சரியாகப் பொருந்தும். குடித்துவிட்டுச் சண்டைக்கு ஆள் தேடுகிறவனுக்கும் பொருந்தும், ‘துஷ்டரைக் கண்டால் தூர விலகு’ என்று நாமும் சொல்கிறோம். ஆனால் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறவரைப் பார்த்தும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு ஒரு அழைப்புக்கூட எடுக்காமல் போகிறவருக்கு இதைப் போடக்கூடாது. அதற்கு ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ (turn a blind eye) இருக்கிறது. 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொன்ன கொடியைப் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வையில்லாத கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்த கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. முன்னது புத்தி, பின்னது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ப் பொருளை எழுதிக் கொடுத்தால் பிள்ளை எதை விளங்கிக்கொள்ளும்?

அப்புறம் எழுத்துப்பிழை. பேர்த்தில் ஆங்கில ‘ஈ’ (e) எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஐ’ (i) போட்டால் பிறப்பு என்றாகிவிடும், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் மரபுத்தொடர் போடும்போது, பொருந்துகிற வாக்கியம் ஒன்றும் பொருந்தாத வாக்கியம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். வாரம் ஒரு தொடர் வந்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை