அச்சிட்டவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பங்களைக் கட்சி கட்டிப் பிரித்து வைத்திருப்பது கைப்பேசிதான் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் 35 வருடம் அச்சகம் நடத்தியவன் நான். கட்டுரையில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

கட்சிக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1972-இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டபோது எங்கள் தெருவில் அண்ணன் வீட்டில் ஒரு கொடி, தம்பி வீட்டில் ஒரு கொடி. பிறகு சன், ஜெயா, கலைஞர் என்று தொலைக்காட்சிகள் வந்தன. அவரவர் வீட்டில் அவரவர் சேனல்தான் ஓடியது. தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கிற பழக்கம் கைப்பேசிக்கு முன்பே நம்மிடம் வேர் பிடித்துவிட்டது.

அப்படியானால் இப்போது மாறியது என்ன? 1989 ஜனவரித் தேர்தலில் என் அச்சகத்தில் தி.மு.க.வின் உதயசூரியனுக்கும் நோட்டீஸ் அடித்தேன், ஜெயலலிதா அணியின் சேவலுக்கும் அடித்தேன். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினில் அடித்த தாள்களைத் தரையில் பரப்பிக் காயவைப்போம். கடையோ பத்தடி அகலம். சூரியன் நோட்டீஸ் வாங்க வந்த வட்டச் செயலாளர், காயாத சேவல் நோட்டீஸ்மேல் குனிந்து, மை கையில் ஒட்டாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து முழுக்கப் படித்தார். "அண்ணே, கடைசி பாரா பச்சைப் பொய். காலையில இதுக்கு ஒரு பதில் அடிக்கணும், அச்செழுத்து காலியா இருக்கா?" என்றார். அதற்குள் சேவல்காரரும் வந்துவிட்டார். இருவரும் என் வாசலிலேயே அரைமணி நேரம் சண்டை போட்டார்கள், கெட்ட வார்த்தையும் விழுந்தது. ஆனால் இன்னார் சொன்ன பொய் என்று ஆளைக் காட்டிச் சொல்ல முடிந்தது. சொன்னவர் எதிரே நின்று பதில் சொல்லவேண்டியும் இருந்தது.

இதற்குச் சட்டமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீஸிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தே ஆகவேண்டும். வெளியிடுபவர் தான் இன்னார் என்று கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டால்தான் நாங்கள் அச்சடிக்கலாம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அடியில் சின்ன எழுத்தில் அந்த ஒரு வரியைக் கோக்காமல் நான் எழுத்து கோத்த ஃபார்மை அச்சுக்குப் பூட்டியதே இல்லை.

2024 தேர்தல் சமயத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் ஒரு செய்தி போட்டார். ஒரு சமூகத்தையே இழிவாகப் பேசும் செய்தி. "இதை யாரப்பா எழுதினது?" என்று கேட்டேன். "வந்துச்சு அத்தான், போட்டேன்" என்றார். மேலும் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். அடுத்த பொங்கலுக்குத் தன் அக்காவான என் மனைவிக்குச் சீர் கொண்டுவந்தவர், கரும்பையும் பானையையும் திண்ணையில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். நாற்பது வருட உறவில் அப்படி நடந்ததில்லை. எழுதியவன் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது, அவனுக்காக நாங்கள் இருவரும் பேசாமல் இருக்கிறோம்.

கம்பெனிகள்மீது குற்றமில்லை என்று சொல்லமாட்டேன். சாதாரண லைக்கைவிடக் கோபம், சிரிப்பு போன்ற குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பு என்று பேஸ்புக் 2017-இல் கணக்கு வைத்ததை, 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்கள் காட்டிக்கொடுத்தன. ஆத்திரமூட்டுகிறவனுக்கு அது நல்ல வசதி. வாட்ஸ்அப்பில் அப்படி முன்னே தள்ளும் கணக்கு கிடையாது, அங்கே தள்ளுவது நம் கட்டைவிரல்தான். 2018-இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோதான் அனுப்பலாம் என்று குறைத்தார்கள், பிறகு பலமுறை கைமாறியதற்கு இரட்டை அம்புக்குறியும் போட்டார்கள். நிறையக் கை மாறியது என்று அதில் தெரிகிறது. முதல் கை யாருடையது என்று தெரிவதில்லை.

எதிர்த்தரப்புச் செய்தியையும் படித்தால் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் சொல்கிறார். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ட்விட்டரில் ஒரு மாதம் எதிர்க்கருத்துகளைப் படிக்கவைத்ததில் குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிட இறுகிப்போனார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என் வாசலில் அந்த இருவரும் படித்தது தாளை மட்டுமா? ஆளையும் சேர்த்துத்தானே.

அந்தக் காலத்துக்கு நான் பொன்முலாம் பூசவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்து டீக்கடையில் இரண்டு பேப்பர் கிடந்த அதே பெஞ்சில் எல்லோரும் உட்கார முடியவில்லை. தனிக் குவளை வைத்திருந்தார்கள். இன்று சாதிப் பெயரில் ஓடும் குழுக்களைப் பார்க்கும்போது அந்தத் தனிக் குவளைதான் நினைவுக்கு வருகிறது. பிளவின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது, அதைக் கட்டுரை தொடவே இல்லை.

அரசாங்கம் எல்லோருடைய செய்தியையும் பிரித்துப் படிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதை எதிர்க்கிறேன். நான் கேட்பது கட்சிகளின் ஐ.டி. அணிகளை. நீங்கள் தயாரித்து அனுப்பும் ஒவ்வொரு படத்திலும், வீடியோவிலும், குரல்பதிவிலும் உங்கள் கட்சிப் பெயர், மாவட்டம், தேதி மூன்றையும் போடுங்கள். நூறு நோட்டீஸ் அடித்த என்னைப்போன்ற சிறு அச்சகக்காரனைக் கட்டுப்படுத்திய விதி, லட்சம் கைப்பேசிக்கு அனுப்புகிற உங்களையும் கட்டுப்படுத்தட்டும். தேர்தல் ஆணையம் 127ஏ-வின் கடமையை இதற்கும் தெளிவாக விரிக்கவேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளின் முத்திரையைத் திருடிப் போலிச் செய்தி அட்டைகள் சுற்றுகின்றன. உங்கள் பெயரில் சுற்றும் போலிகளை வாராவாரம் ஒரு கால் பக்கத்தில், படத்தோடு, "இது நாங்கள் வெளியிட்டதல்ல" என்று அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு நான் மைத்துனர் வீட்டுக்கு நேரில் போவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அச்சக உரிமையாளர்,
கும்பகோணம்.