வீட்டுக்கார அம்மா கொடுத்த முட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. உன் வீட்டுக்கார அம்மா ஆசையாக நீட்டிய பலூட்டை, அதான் பிலிப்பைன்ஸில் குஞ்சு பாதி வளர்ந்த நிலையில் வேகவைக்கிற வாத்து முட்டையை, பார்த்து "உவ்வே" என்றுவிட்டாயாமே. அப்பாவுக்குக் கோபம் இல்லை. போனில் பொறுமையாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

1996இல் எங்கள் கப்பல் மணிலாவில் நின்றபோது, கூட வேலை பார்த்த பதேரோஸ் ஊர்க்காரர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பலூட்டுக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய மாமாவுக்கு முட்டை அடைவைக்கிற தொழில். நெல்லை இரும்புச் சட்டியில் சூடாக்கி, துணிப்பையில் கட்டி, மூங்கில் கூடைக்குள் நெல் ஒரு அடுக்கு, வாத்து முட்டை ஒரு அடுக்கு என்று வைத்திருந்தார். நடுவில் ஒரு முட்டையை எடுத்துக் கண்ணை மூடி இமையில் ஒற்றிக்கொண்டார். சூடு பதமா என்று பார்க்கிறாராம். தெர்மாமீட்டரே கிடையாது. ஆறு கெட்டு, வாத்துகள் தின்னும் நத்தை அழிந்துபோனதால் வாத்துகளும் போய், முட்டை வெளியூரிலிருந்து வருகிறதே என்று அவருக்கு ஒரே ஆதங்கம்.

இருட்டறையில் ஒவ்வொரு முட்டையையும் விளக்கில் காட்டிப் பார்ப்பார். கரு பிடிக்காததை வேகவைத்து 'பெனோய்' என்று விற்பார்கள். நம்மூரில் கூமுட்டை என்று வீசுவோமே, அதற்கு அங்கே பேரும் உண்டு, விலையும் உண்டு. கரு பிடித்ததை 16 முதல் 18 நாளில் வேகவைத்துவிடுவார்கள். அதற்கு மேல் விட்டால் இறகும் அலகும் கெட்டிப்பட்டுவிடும்.

சாப்பிடுகிற விதம் இதுதான். அகன்ற முனையைத் தட்டி, விரல்நுனி அளவு துளை போட்டு, உப்புத் தூவி, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். சூடான கோழி சூப்பேதான். அப்புறம் ஓட்டை உரித்து, வெங்காயமும் மிளகாயும் ஊறிய வினிகரை விட்டுச் சாப்பிட வேண்டும். மஞ்சள் கரு வெண்ணெய் மாதிரி இருக்கும். கெட்டியான வெள்ளைப் பகுதியை வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அங்கேயே பலர் தின்பதில்லை. நானும் முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் தின்றேன். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

உனக்கு முடியவில்லையா, சரி, கட்டாயமில்லை. ஆனால் முகம் சுளிக்காதே, பாப்பா. ராத்திரி தெருவில் "பலூ...ட்" என்று குரல் கேட்கும்போது இறங்கிப் போ. அந்த அம்மாவுக்கு ஒரு பலூட், உனக்கு ஒரு பெனோய் வாங்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அப்பா சொன்னார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா