நீ கேட்டிருந்த தொடர்கள்

அன்புள்ள கண்ணா,

அலுவலகக் கூட்டத்தில் யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் உனக்கு விஷயம் புரிகிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கொட்டிவிடாதே. பாடநூலில் படித்த ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மழையெல்லாம் இப்போது பேச்சில் அபூர்வம். அன்றாடம் புழங்குபவை வேறு. இன்றைக்கு வேலை போதும் என்பதற்கு ‘கால் இட் எ டே’, தோராயக் கணக்குக்கு ‘பால்பார்க் ஃபிகர்’. பின்னது பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. யார் யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று முதலில் கவனி. புரியாவிட்டால் கேட்டுவிடு.

‘டேபிள்’ விஷயத்தில் உஷாராக இரு. ஒன்றை ‘டேபிள்’ செய்வோம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே விவாதத்துக்கு எடுப்போம் என்று பொருள். அமெரிக்கருக்கோ அது தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதிவைத்திருக்கிறார். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான் என்பது பிறகுதான் தெரிந்ததாம். அவர்களே தடுமாறியபோது நீ கேட்பதில் என்ன குறைச்சல்? வகுப்பில் கை தூக்கத் தயங்காத பிள்ளைதானே நீ!

‘கிக் த பக்கெட்’ சாவைக் கேலியாகச் சொல்வது. துக்கம் கேட்கப் போன இடத்தில் உன் மாமா பேசியதைப் போல நீயும் பேசிவைக்காதே.

போன வாரம் எப்படி இருக்கிறாய் என்றதற்கு ‘ஹேங்கிங் இன் தேர்’ என்று அனுப்பினாய். பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு சரளமாகிவிட்டது என்று அப்பாவுக்குப் பூரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் சொல்வது அது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சிலர் வெறும் பழக்கத்திலும் சொல்வதுண்டு. நீ எந்த வகையில் சொன்னாய்? ‘அண்டர் த வெதர்’ என்றிருந்தாலாவது லேசாக உடம்பு சரியில்லை என்று விட்டிருப்பேன். அலுவலகத்தில் அப்படிப் பட்டும் படாமலும் பதில் சொல், அங்கே அதுதான் அழகு. என்னிடம் எதற்கு?

வேலைப் பளுவா, அந்த மேலதிகாரியா, இல்லை, தீபாவின் கல்யாணத்தன்று என்னிடம் சொல்ல வந்து பாதியில் விழுங்கினாயே, அதுவா? எழுத வேண்டாம். ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்குக் கூட்டம் முடிந்ததும் கூப்பிடு. அப்பாவின் எண்ணுக்கு அல்ல, என் எண்ணுக்கு.

அம்மா