பதிலுக்கு ஆள் வராமல் ஆசிரியரை விடாதீர்கள்: மலையகக் கல்விக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். இடமாற்றக் கடிதம் உங்கள் மேசையிலிருந்துதான் வந்தது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. பௌதிகவியல் ஆசிரியர் தவணை நடுவில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு இதுவரை யாரும் வரவில்லை. போன வாரம் அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டு, "டவுன் பாடசாலையில் இடம் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலைப்பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் என் அக்காவும் இருந்தார். அவர் மகள் அங்கே 12ஆம் வகுப்பில் கணிதம் படிக்கிறாள்.

போன ஆசிரியர் மீது எனக்குக் கோபமில்லை. தங்குவதற்கு விடுதிகூட இல்லாத இடத்தில், வாடகை அறையில் இருந்துகொண்டு படிப்பித்த மனிதர். அவருக்கு இடமாற்றம் கிடைத்தது நியாயம்தான். பதிலுக்கு ஆள் போடாமல் அதைக் கொடுத்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய பாடங்களைப் படிப்பிக்கும் எந்த ஆசிரியரையும், இன்னொருவர் வந்து வகுப்பைப் பொறுப்பெடுக்கும் வரை மலையகப் பாடசாலைகளிலிருந்து விடுவிக்காதீர்கள்.

பொறியியல் பீடத்துக்குப் போக இந்த மூன்று பாடங்களும் வேண்டும். மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காகப் பரீட்சையை மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. பல்கலைக்கழகத்துக்கு ஆள் தெரிவு செய்யும் இசட் புள்ளியும் மூன்று பாடங்களையும் சேர்த்துத்தான் வருகிறது. கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை பௌதிகவியலில் தவறினால், அந்த ஏயை வைத்துப் பொறியியலுக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. இது பல்கலைக்கழக அனுமதி விதி. ஒரு ஆசிரியர் போனால் முழுப் பிரிவும் போய்விடும் என்று உங்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மருமகள் இப்போதும் தினமும் பாடசாலைக்குப் போகிறாள். போகத்தான் வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 வீதம் வரவு இருக்க வேண்டுமே. காலையில் கொழுந்து மலைக்குப் போகும் அம்மாவோடு சேர்ந்தே லயத்திலிருந்து கிளம்புகிறாள். பௌதிகவியல் பாடவேளை வரும்போது வகுப்பில் உட்கார்ந்து, போன வருடம் படித்த அக்காமார் கொடுத்த கொப்பிகளைப் பார்த்து எழுதுகிறாள். அந்தக் கொப்பியில் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்துதான் வரும், திருத்த ஆளில்லை. மாலையில் வீடு வந்து, போனில் பாடம் பார்க்கச் சிக்னல் தேடி மேட்டுப் பக்கம் ஏறுகிறாள். இருட்டிய பிறகு தேயிலைக்குள் பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று அக்காவும் கூடப் போய் நிற்கிறார். நாள் முழுக்க மலையில் நின்ற கால்களோடு மறுபடியும் நிற்கிறார். வார இறுதியில் ரியூசன் வேண்டுமென்றால் பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் காசு, ரியூசன் காசு இரண்டையும் அக்கா ரூபாயில் சொல்வதில்லை. "இதுக்கு இத்தனை பேர் போகும்" என்று, வேலை செய்த நாட்களில்தான் கணக்குச் சொல்கிறார்.

ஆக, ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு மாணவி 80 வீதம் வர வேண்டும். ஆசிரியருக்கு எத்தனை வீதம் என்று எந்தச் சுற்றறிக்கையிலாவது இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்றபடி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர்களாகிய நாங்கள்தான். மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று எண்ணும்போது எங்கள் தலைகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறீர்கள். அந்த இடங்களுக்குப் போட்டி போட எங்கள் பிள்ளைக்கு முதலில் ஒரு கணித வகுப்பு வேண்டாமா? இங்கே வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, குறைவு என்று வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதும் கதையும் உங்களுக்குப் புதிதில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன், இடம் காலியாகக் கிடந்தால் யாராவது வரத்தான் செய்வார்கள்.

சொல்லப்போனால் இந்தக் கொடுமை எனக்கு வேறு விதத்திலும் உறைக்கிறது. நான் பேராதனையில் சிவில் படித்தவன். 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்த பீடம் அது, நாட்டின் மிகப் பழைய பொறியியல் பீடம், இந்த மலைநாட்டிலேயே இருக்கிறது. லக்சபான, காசல்ரீ, மவுசாகலை, 150 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய 'மேல் கொத்மலை' என்று நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் எங்கள் தோட்டங்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, சரிவைப் பார்த்து ஆபத்தைச் சொல்லத் தெரிந்த பொறியியலாளர்கள் எங்களுக்குள்ளேயே இன்னும் பத்துப் பேர் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். 2023இல், எங்கள் மக்கள் மலையகம் வந்து 200 வருடம் என்று, 'மலையகம் 200' பெயரில் எல்லோரும் மேடை போட்டீர்கள், மாலை போட்டீர்கள். மாலைக்குச் செலவான காசில் ஒரு ஆசிரிய விடுதிக்குக் கூரையாவது போட்டிருக்கலாம்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகம் ஒன்றில் அக்காவிடம், "தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறதே, அதிலும் பொறியியல்தானே" என்று ஒருவர் ஆறுதல் சொன்னாராம். 2013இல் வந்த அந்தப் பிரிவை நான் மட்டமாகப் பேசவில்லை. ஆனால் அதில் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். நான்கு வருடப் பொறியியல் பட்டத்துக்கான வழி அதுவல்ல. அதற்கும் ஆசிரியரும் பட்டறையும் வேண்டும், அவையும் எங்கள் பக்கம் இல்லை. பீடத்துக்குள் நுழைந்த பிறகு எல்லாமே ஆங்கிலத்தில் என்பது தனிப் பாடு. அதைப் பற்றியும் நிறையச் சொல்ல இருக்கிறது, ஆனால் 12ஆம் வகுப்பையே தாண்ட விடாத நிலையில் அதைப் பேசி என்ன?

மாகாணப் பாடசாலை என்றால் மாகாணம், தேசியப் பாடசாலை என்றால் அமைச்சு என்று எங்களை அங்குமிங்கும் அனுப்பாதீர்கள். யாருடைய பொறுப்பு என்பதை நீங்கள் உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். அடுத்த தவணை தொடங்குமுன் அந்தப் பாடசாலைக்குத் தமிழ்மொழிமூலப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரை அனுப்புங்கள். நிரந்தர நியமனத்துக்குக் காலம் எடுக்குமென்றால், பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை வாரத்தில் இரண்டு நாளாவது இணைத்துவிடுங்கள். அதுவரை எந்தப் பிள்ளையையும் கலைப்பிரிவுக்கு மாற்றக் கையெழுத்து வாங்க வேண்டாமென்று அதிபருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இனிமேல் இந்த மூன்று பாடங்களில் எந்த ஆசிரியரையும் பதிலுக்கு ஆள் வராமல் விடுவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு பொறியியலாளன்