கண்ணாடித் தொட்டி காட்டும் கடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலைப் பற்றித் தங்கள் நாளிதழில் கட்டுரை வரும்போதெல்லாம் பவளப்பாறையும் அதைச் சுற்றி மொய்க்கும் வண்ண மீன்களுமே படமாக இடம்பெறுகின்றன. மீன் காட்சியகத்தின் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கும் குழந்தையும், கைக்கெட்டும் தொலைவில் முப்பது நாற்பது மீன்களைப் பார்த்துவிட்டு, கடல் முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறது. பெரியவர்களில் பலரும் அப்படியே நம்புகிறார்கள் என்பதுதான் என் கவலை.

2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நுண்ணுயிர் முதல் திமிங்கிலம் வரை கடல்வாழ் உயிர்கள் அனைத்தின் உடலிலும் உள்ள கரிமம் சுமார் 600 கோடி டன். கடல்நீரின் கொள்ளளவோ ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு 5 மில்லிகிராம்கூடத் தேறவில்லை. ஒரு கிராம் எடையுள்ள மீன்குஞ்சின் உடலில் இருக்கும் கரிமத்தைத் திரட்ட, சராசரியாக 20,000 லிட்டர் கடல்நீரிலுள்ள எல்லா உயிர்களையும், பாக்டீரியா உட்பட, ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கும்!

தொட்டி மீன்களுக்கு இரை வெளியிலிருந்து வருகிறது; காற்றை மோட்டார் தருகிறது; கழிவை வடிகட்டி அகற்றுகிறது. கடலுக்கு அப்படி ஊட்டிவிடும் கை இல்லை. சராசரியாக 3,700 மீட்டர் ஆழமுள்ள கடலில், ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் மேலேயுள்ள 200 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே நுண்பாசிகளுக்கு வேண்டிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இறந்த உயிர்களோடு ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. வெப்பமண்டலப் பகுதிகளில் சூடான மேல்நீர் மூடிபோல் மிதப்பதால் அவை எளிதில் மேலே திரும்புவதில்லை. நடுக்கடலின் பளிங்கு போன்ற நீலத்தை நாம் வியக்கிறோம். நீர் அவ்வளவு தெளிந்திருப்பதே அதில் பாசி மிகக் குறைவாக இருப்பதால்தான். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையோரம்போலக் குளிர்ந்த அடிநீர் மேலெழும் இடங்களில்தான் மீன் குவிகிறது.

கடல் நிரம்பி வழிகிறது என்று நம்புகிறவர், அள்ள அள்ளக் குறையாது என்றும் நம்புவார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அருகிக்கொண்டிருந்தபோதும், எஞ்சியவை கூட்டமாகத் திரண்டிருந்ததால் வலைகள் நிறைந்தே வந்தன. 1992இல் அம்மீன்பிடிப்பையே தடை செய்ய நேர்ந்தது.

ஆகவே, அடுத்த முறை பவளப்பாறைப் படத்தை வெளியிடும்போது, மீன் ஒன்றுகூடத் தென்படாத நடுக்கடல் நீரின் படத்தையும் அதே அளவில் பக்கத்திலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்