மெர்லோ என்று நினைத்த கொடி

அன்புள்ள கயலுக்கு,

சிலியின் சான்டியாகோவில் நண்பர்களோடு ஒரு கிளாஸ் கார்மெனேர் ஒயின் குடித்ததை மறைக்காமல் எழுதியிருந்தாய். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே, "எப்படி இருந்ததாம்?" என்று கேட்டாள். பச்சைக் குடைமிளகாய் வாசம் அடித்தது என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் எனக்குள் இருந்த தாவரவியல் வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கார்மெனேர் என்பது ஒரு திராட்சை வகையின் பெயர். அந்தத் திராட்சைக்குப் பூர்வீகம் பிரான்ஸின் போர்தோ. பூக்கும், ஆனால் குளிரோ மழையோ வந்தால் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலி பண்ணைக்காரர்கள் போர்தோவிலிருந்து கொண்டுவந்த கொடிக்குச்சிகளில் இதுவும் இருந்தது. பின்னாலேயே ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்ஸின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களைப் புதிதாக நட்டபோது, சரியாகக் காய்க்காத இதை யார் நடுவார்? அங்கே ஏறக்குறைய அழிந்தே போனது.

சிலியில் பிழைத்தது, ஆனால் பெயர் தொலைந்தது. மெர்லோ என்ற இன்னொரு ஒயின் திராட்சையோடு கலந்து வளர்ந்ததால் இரண்டையும் மெர்லோ என்றே நினைத்தார்கள். மெர்லோ பழுத்ததும் இதையும் சேர்த்துப் பறித்துவிடுவார்கள். இதற்கோ இன்னும் சில வாரங்கள் வெயில் வேண்டும். முழுதாகப் பழுக்காத பழத்தில் பைரசீன் என்ற பொருள் மிஞ்சி நிற்கும். குடைமிளகாயின் வாசத்துக்கும் அதுதான் காரணம். உன் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

1994 நவம்பரில் ழான் மிஷெல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு திராட்சை வல்லுநர் சிலியின் மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்துக்குப் போனார். அங்கே அது கொடி பூக்கும் பருவம். மெர்லோ என்று காட்டிய கொடியில் ஒரு பூவை உற்றுப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் நேராக நிற்காமல் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். கடுகளவு பூ! வகுப்பில் பூவைப் பிரித்துப் பார் என்று நான் தொண்டை கிழியக் கத்தியபோது கடைசி பெஞ்சில் தூங்கியவள் நீ.

இனி வாங்கினால் பெவுமோ என்ற சிலி ஊரின் பெயர் போட்ட பாட்டிலாகப் பார். அங்கே நன்றாகப் பழுக்கவிட்டுப் பறிக்கிறார்கள், வாசம் மாறியிருக்கும். ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள், இது அம்மா சொல்லச் சொன்னது.

மே மாதம் அங்கே இலையுதிர் காலம். கார்மெனேர் இலை அப்போது செக்கச் சிவந்துவிடும், பெயர் வந்ததே அந்த நிறத்தால்தான் என்கிறார்கள். பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. இலையின் அடிப்பக்கமும் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா